எவ்வளவு தண்ணி?

கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த காலையில்தானா கத்தாரில் இருக்கும் மச்சான் அந்த வீடியோவை அனுப்ப வேண்டும்? இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில், டைன் ஆற்றுக்குக் குறுக்கே, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் மட்டுமென்று 2001இல் திறந்த பாலம். கப்பல் வந்தால் 850 தொன் பாரமும் ஒன்றாய் 40 பாகை சரிந்து, நாலரை நிமிடத்தில் வழிவிடுகிறது. கீழே மச்சானின் பெருமூச்சு: "நமக்கெல்லாம் எப்ப?"

நமக்கும் இருக்கிறது, மச்சான். நம்முடையது கீழ்நோக்கி அசையும். மாரியில் சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவைத் திறந்தால் ஆளையே காணக் கிடைக்காது. தேர்தல் மேடைகளில் அது உயர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இதைப் பற்றிக் காரமாய் ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், சவளக்கடைப் பக்கம் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, அக்கரையிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் நாம் கேட்கிற அந்தக் கேள்வி.

"கரண்டைக்கால்தான்" என்பவர் ஆறடி உயரம். "முழங்கால்" என்பவருக்குச் சாரன் இடுப்புவரை நனைந்திருக்கும். மோட்டார் சைக்கிள்காரருக்கு உடம்பு ஓர் அளவே இல்லை: "சைலன்சருக்குக் கீழ", "பிளக் நனையாது", "சீட்டுல தட்டுது". கந்தோர் உத்தியோகத்தர் சென்டிமீட்டரில் சொல்வார், முந்தாநாள் கணக்கை. பெரியவர்கள் வருடத்தால் அளப்பார்கள். "2011இல வந்ததுல பாதி" என்று ஒருவர் தொடங்கினால், "57இல வந்ததுக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்று அவரைவிட மூத்தவர் அடக்கிவிடுவார். உழவு இயந்திரக்காரர் மட்டும், "ஒண்டுமில்ல காக்கா, பெட்டியில ஏறுங்க" என்பார். ஒண்டுமில்லாத தண்ணீருக்கு உழவு இயந்திரம் எதற்கு என்று கேட்டால் முறைப்பார். முதலை கிடக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால், அதற்கும் ஒருவர் கையை விரித்து நீளம் காட்டுவார்.

இவர்களையாவது மன்னிக்கலாம், கடந்து வந்தவர்கள். கடக்கிற அலுவல் எதுவும் இல்லாமல், தண்ணீர் பார்க்கவென்றே பிள்ளைகுட்டியோடு வந்து, கரையில் நின்று பிளேன்டி குடித்துக்கொண்டு, "போகலாம், போகலாம், பயமில்ல" என்று ஊக்கம் கொடுக்கிறார்களே, அவர்களைத்தான் பெட்டியில் ஏற்றி நடுத் தாம்போதியில் இறக்கிவிட வேண்டும். செல்பி நன்றாக வரும்.

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கேட்ஸ்ஹெட் பாலம் சரியும்போது, மேலே கிடக்கிற குப்பை தானாக உருண்டு ஓரத்துப் பொறிகளில் விழுந்துவிடுமாம். நமக்குத் தண்ணீர் வடிந்தால் ஆற்றுவாழை வீதியோரம் குவிந்து கிடந்து அழுகும். அதை அள்ளுவது யாருடைய பொறுப்பு என்று விசாரித்தேன். கந்தோரில் எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். கந்தோர் அக்கரையில்.