தாத்தா தொலைத்த பி.ஏ.

கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, மகளின் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று காலை பத்து மணிக்குள் பதினோரு போன். ஒன்றுகூட ரவிக்கை ரெடியா என்று கேட்கவில்லை. எல்லாம் பொறியியல் கல்லூரிகள். பேசியவர்கள் அத்தனை பேரும் அவரை ‘சார்’ என்றார்கள். முப்பது வருஷத் தொழிலில் அவரை அண்ணாச்சி என்றுதான் ஊர் கூப்பிட்டிருக்கிறது. அந்தச் ‘சார்’தான் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது.

மகளின் கட்-ஆப் 183. கணிதத்தின் நூறை அப்படியே விட்டு, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகப் பிடித்துத் தைத்தால் மொத்தம் 200. அதில் 183. நுழைவுத் தேர்வு 2007-ல் ஒழிந்ததிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளில் ஜாதகத்துக்கு இருந்த மரியாதை இந்த எண்ணுக்கு வந்துவிட்டது. பால்காரர் கேட்டார். பூக்காரம்மா கேட்டார். சட்டை அளவு கொடுக்க வந்த வாடிக்கையாளர், கையைத் தூக்கி நின்றபடியே, “183-ன்னா கம்ப்யூட்டர் கஷ்டம் அண்ணாச்சி” என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தது கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் தரும் ரேண்டம் எண். கட்-ஆப், பாட மதிப்பெண், பிறந்த தேதி என எல்லாவற்றிலும் இருவர் சமமாக வந்தால் மட்டுமே எட்டிப் பார்க்கும் எண் அது. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. இலக்கங்களைக் கூட்டினார், எட்டு வந்தது. அன்று சாயங்காலமே கோயிலில் நெய் விளக்கு.

அண்ணாச்சி மகளோடு ஒரு தனியார் கல்லூரியைப் பார்க்கப் போனார். பெயர் எதற்கு? கேட் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. திருமலை நாயக்கர் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். உள்ளே ஏ.சி. அறையில் மாதுளை ஜூஸ் கொடுத்து, “எங்க காலேஜ் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றது சார்” என்றார்கள். மகள் மெல்லச் சொன்னாள்: “அது இல்லாம காலேஜே நடத்த முடியாதுப்பா. நம்ம கடை வாசல்ல ‘இங்கு ஊசி உண்டு’ன்னு போர்டு வைக்கிற மாதிரி.” அவள் தேடியது என்.பி.ஏ. தரச்சான்றை. ‘நாக்’ என்ற அமைப்பு மொத்தக் கல்லூரியைப் பார்த்து மதிப்பெண் போடும், என்.பி.ஏ. துறை துறையாகப் பார்க்கும். நாலு வருஷம் உட்காரப்போவது ஒரு துறையில்தானே. அந்தத் துறைக்கு உண்டா என்று கேட்டாள். இன்னொரு ஜூஸ் வந்தது.

ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிக் காட்டினார்கள். வரிசையாக லேத் மெஷின்கள், பளபளவென்று. கூட வந்தவர் பெருமையாக நின்றார். அண்ணாச்சி குனிந்து ஒரு மெஷினுக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, இரும்புத் தூள் இல்லை, தரையில் ஒரு கறைகூட இல்லை. ஓடுகிற மெஷின் அழுக்காகத்தான் இருக்கும் என்பது தையல்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு கட்டணம். கவுன்சலிங்கில் வரும் மாணவரிடம் தனியார் கல்லூரிகள் இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2017-ல் அது வருஷத்துக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற படிப்பு என்றால் 55,000. அண்ணாச்சிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்குள் இன்னொரு தாள் வந்தது: பஸ், ஹாஸ்டல், யூனிபார்ம், பிளேஸ்மென்ட் பயிற்சி என்று வரிசையாக. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூலி தனி, லைனிங் தனி, கொக்கி தனி என்று அவரே முப்பது வருஷமாக எழுதும் பில்தான் அது. எழுதுகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் அது வேறு வேறாகத் தெரியும் என்று அன்றுதான் கண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு வழி சொன்னாள். முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், கற்பிப்புக் கட்டணத்தில் கிட்டத்தட்டப் பாதியை அரசே கட்டிவிடும். தனியார் கல்லூரி என்றால் நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம் மிச்சம். அப்பா எட்டாம் வகுப்பு, அம்மா பத்தாம் வகுப்பு. ஆனால் சான்றிதழுக்குத் தாத்தா பாட்டிகளின் படிப்பையும் பார்ப்பார்கள். அங்கேதான் வந்தது வினை.

தாத்தா பி.ஏ.

1974-ல் அடித்த கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டெழுத்து இருக்கிறது. வாசல் தகரப் பலகையிலும் இருக்கிறது. தெருவில் அவருக்குப் பெயரே ‘பி.ஏ. தாத்தா’. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தபோது பலகைக்குக் கீழேதான் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அண்ணாந்து ஒருமுறை படித்தார். “தாத்தா, பட்டம் வாங்கினீங்களா?” வீடே மூச்சை அடக்கிக்கொண்டது. தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

“ரெண்டு பேப்பர் நின்னு போச்சு சார்.”

உள்ளே பாட்டியின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. ஐம்பது வருஷமாகப் பட்டதாரி மனைவியாக வாழ்ந்தவர் அவர். அன்று இரவு தாத்தாவுக்கு இட்லி மட்டும் வந்தது. சட்னி வரவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. கவுன்சலிங் தொடங்கியது. முன்பெல்லாம் இதற்குச் சென்னைக்கு ரயிலேறி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தோடு காத்திருக்க வேண்டும். 2018-லிருந்து எல்லாம் இணையத்தில். மகள் கட்டிங் மேஜையில் உட்கார்ந்து விருப்பப் பட்டியல் தயாரித்தாள். போன வருஷம் எந்தக் கல்லூரியின் எந்தத் துறை, தன் பிரிவில் எந்தக் கட்-ஆப்பில் மூடியது என்று ஒரு நோட்டு. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியலிலிருந்து இன்னொரு நோட்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அந்தப் பட்டியலில் அவற்றைத் தேட முடியாது. அவற்றுக்கு மூன்றாவது நோட்டு. எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் உள்ளதும் போய்விடும் என்று சித்தப்பா பயமுறுத்தினார். போகாது. மேலே கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்கு இறங்கும், அவ்வளவுதான். கிண்டி பொறியியல் கல்லூரியைத் தைரியமாக முதலில் போட்டாள்.

கிண்டி கிடைக்கவில்லை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. கிடைத்தது. 1981-ல் தொடங்கிய கல்லூரி. கேட்டுக்கு மயங்கி யாரும் அங்கே சேர்வதில்லை. அண்ணாச்சி கட்டண விவரத்தைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அரசுக் கல்லூரி என்பதால் கற்பிப்புக் கட்டணமே சில ஆயிரம்தான். சலுகையால் மிச்சமாவது அந்தச் சில ஆயிரம் மட்டும்தான்.

திண்ணையிலிருந்து தாத்தா கேட்டார். தகரப் பலகையில் இரண்டெழுத்து இருந்த இடத்தில் புதுப் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

“அப்போ எத்தனைடே மிச்சமாச்சு?”

மகன் தொகையைச் சொன்னார்.

தாத்தா பலகையை ஒருமுறை பார்த்தார். “அதை நானே குடுத்திருப்பேனேடே!”