பந்து உருட்டவும் பயிற்சி வேண்டுமா?

கேள்வி: மழலைகளை விளையாட வைப்பதற்குக்கூட ஆசிரியப் பயிற்சி தேவையா?

பதில்: தேவை. பந்து குழந்தைக்கு விளையாட்டு, ஆசிரியைக்கோ பாடத்திட்டம் என்பதை அமெரிக்காவில் செயலில் நிறுவியவர்களுள் முதன்மையானவர் சூசன் புளோ. ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் வகுத்த கிண்டர்கார்ட்டன் முறையை, அதாவது விளையாட்டும் பாட்டும் கைவேலையுமே கல்வியாக அமையும் மழலையர் பள்ளி முறையை, நியூயார்க்கில் மரியா கிராஸ்-போல்ட்டேயிடம் பயின்று திரும்பிய அவர், செயின்ட் லூயிஸ் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் வில்லியம் டோரி ஹாரிஸின் ஆதரவோடு 1873இல் அந்நகரின் பொதுப் பள்ளியொன்றில் மழலையர் வகுப்பைத் தொடங்கி, மறு ஆண்டே ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளியையும் அமைத்தார். வகுப்பில் துணைபுரிந்தவாறே பயின்ற இளம்பெண்கள், ‘கொடைகள்’ என ஃப்ரோபெல் பெயரிட்ட கம்பளிப் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் முதலிய கருவிகளைக் குழந்தையின் கையில் எந்த வரிசையில் தருவது, தந்தபின் எப்போது குறுக்கிடாமல் விலகி நிற்பது என்பவற்றைக் கற்றனர்; இரண்டாவதே கடினமானது என்பதைக் குழந்தைகளோடு பழகிய எவரும் ஒப்புவர். செல்வக் குடும்பத்தில் பிறந்த புளோ இத்தனையையும் ஊதியம் பெறாமலே செய்தார் என்பது போற்றத்தக்கது. அவர் பயிற்றுவித்த ஆசிரியைகள் இருந்ததனாலேயே, 1883ஆம் ஆண்டிற்குள் செயின்ட் லூயிஸின் பொதுப் பள்ளிகள் அனைத்திலும் மழலையர் வகுப்பு இயங்க முடிந்தது.