துணுக்கறிவும் அறிவாளித் தோற்றமும்: ஒரு பந்தி ஆய்வு

துணுக்கறிவு என்பது உண்மையாகவும் உபயோகமற்றும் இருக்கும் தகவல்களின் சேமிப்பு. ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள், தாவரவியல் கணக்கில் வாழைப்பழமும் ஒரு பெர்ரி, ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னி அல்ல, கான்பெரா என்பன இதில் சேரும். கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி, ரேஷன் கடை திறக்கும் நேரம் போன்றவை சேரா. அவற்றைத் தெரிந்துவைத்திருப்பவரை யாரும் மெச்சுவதில்லை, தெரியாவிட்டால்தான் பேச்சு.

துணுக்கறிவு ஒருவரை அறிவாளியாகக் காட்டுமா? காட்டும். ஆனால் தெரிந்திருப்பதால் அல்ல, கேட்கும் இடத்தில் இருப்பதால். லீ ராஸ், தெரசா அமாபிலே, ஜூலியா ஸ்டெய்ன்மெட்ஸ் மூவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களில் கேள்வி கேட்பவர் யார், பதில் சொல்பவர் யார் என்பது அதிர்ஷ்டத்துக்கு விடப்பட்டது. கேட்பவர் தமக்குத் தெரிந்தவற்றிலிருந்தே 10 கடினமான கேள்விகளைத் தயாரித்தார். பதில் சொன்னவர்கள் சராசரியாக 4 சரியான பதில்களோடு நின்றார்கள். தோற்றவர்கள் கேட்டவரையே தங்களைவிட விஷயம் தெரிந்தவராக மதிப்பிட்டார்கள். வேடிக்கை பார்த்தவர்களும் அப்படியே. கேட்டவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் கேள்வியாக வர வழியே இல்லை என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

இந்த உண்மையை உளவியல் படிக்காமலேயே கண்டறிந்தவர் கல்யாணப் பந்திப் பெரியப்பா. சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையிலான நேரம் அவருடையது. “ஏம்ப்பா, எந்தக் கிரகத்துல வருஷத்தைவிட நாள் பெருசு, சொல்லு பாப்போம்” என்று எதிர்வரிசைப் பொறியியல் பட்டதாரியைக் கேட்கிறார். பட்டதாரி அப்பளத்தை நொறுக்குகிறான். வரிசையே அவனைப் பார்க்கிறது. “வெள்ளி!” என்று பெரியப்பாவே விடுவிக்கிறார். தன்னைத்தானே சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். ரசம் வந்துவிடுகிறது. நான்கு வருடம் கட்டிய ஃபீஸைப் பையனின் அம்மா மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறார்.

ரசத்தின் பங்கை முந்தைய ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். அது தாமதமானால் “ஏன் அப்படி?” என்ற துணைக்கேள்வி முளைக்கும், துணுக்கறிவாளர் எவரும் அதற்குத் தயாராக வருவதில்லை.

பட்டதாரி சும்மா இருப்பதில்லை. கை கழுவிவிட்டு செல்போனைத் தட்டுகிறான். வெள்ளியில் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை சுமார் 117 பூமி நாட்கள்தான். பகலும் இரவும் சேர்ந்ததே நாள் என்றால் அங்கேயும் வருஷமே பெரிது. இந்தத் திருத்தத்தோடு அவன் திரும்பி வரும்போது பீடா கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். “அதைத்தானேப்பா நானும் சொன்னேன்” என்கிறார் பெரியப்பா. கேட்டவர்கள் பட்டதாரிக்கு விதண்டாவாதி என்று பெயர் வைக்கிறார்கள். ஆக, பிந்தி வரும் சரியான தகவலைவிட நேரத்துக்கு வரும் அரைகுறைத் தகவலுக்கே தோற்றமதிப்பு அதிகம். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்ற முழுப்பொய் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருப்பதும் இதனால்தான்.

வீட்டுக்குள் இவ்விளைவு பதிவாவதில்லை. வெள்ளிக் கிரகத்தைக் கல்யாணம்தோறும் கேட்டுச் சலித்த பெரியம்மா, காரில் ஏறியதும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “மொய்க் கவரை யார் கையில குடுத்தீங்க?” பெரியப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்.