மெட்டு போதும்

இலங்கை நாட்டுக்கு ஒரே மெட்டு. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் எழுதிய தேசிய கீதத்தை மு. நல்லதம்பி தமிழாக்கினார். பொருளும் ஒன்றே. இதைவிடப் பெரிய ஆபத்து உண்டா?

சொல்லின் வலிமை அறிந்த அரசு இது. 1961இல் தொடக்கச் சொற்களுக்குக் கணப்பொருத்தம் சரியில்லையென்று மாற்றினார்கள், மெட்டில் கைவைக்கவில்லை. 2016 சுதந்திர தினத்தில் காலிமுகத்திடலில் தமிழிலும் பாடினார்கள். அன்று தீவு கடலுக்குள் போகாதது நம் அதிர்ஷ்டம். 2020 விழாவில் சுதாரித்துத் தமிழை விட்டுவிட்டார்கள்.

மட்டக்களப்புப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோ காலைக் கூட்டத்தில் தமிழிலேயே பாடித் தொலைக்கிறார்கள். பின்வரிசைப் பொடியன் ஒருவன் மட்டும் பாட்டு மறந்து வாயை அசைப்பான். உத்தமக் குடிமகன்!

அவனையும் மிஞ்சியவை நம் வாவியின் பாடும் மீன்கள். நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்துங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வையுங்கள். வெறும் ரீங்காரம், ஒரு சொல் கிடையாது. அதையே கீதமாக்கிவிடலாம்.

சிக்கல் ஒன்றுதான். மீன் எந்த மொழியில் முனகுகிறதென்று அறிய எப்படியும் ஓர் ஆணைக்குழு வரும். மீன் சாட்சி சொல்லத் தயார்; மொழிபெயர்ப்பாளர்தான் லீவில் இருப்பார்.