பாலம் எல்லோருக்கும்

கேள்வி: முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் மட்டும் என்றால் பெக்கேஜ் மலிவு. பாடக் காணொளியோ செய்தித்தளமோ திறந்தால் டேட்டா பறந்துவிடுகிறது. இதைத் தட்டிக்கேட்டு வென்றவர்கள் உண்டா?
– உயர்தர மாணவி, கிண்ணியா

பதில்: உண்டு தங்கச்சி. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தை 2015இல் ஃபேஸ்புக் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 'சேவ் தி இன்டர்நெட்' என்று திரண்ட தன்னார்வலர்கள் எதிர்த்தார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. தளத்துக்குத் தளம் கட்டணம் மாறுவதை 2016 பெப்ரவரி 8இல் டிராய் தடைசெய்தது. அந்தத் தன்னார்வலர்களில் சிலர் அதே ஆண்டில் தொடங்கியதுதான் 'இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பு.

கிண்ணியாப் பாலத்தில் ஒரு முதலாளியின் கடைக்குப் போகிறவருக்கு இலவசம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கட்டணம் என்றால் ஊர் பொறுக்குமா? இணையமும் பாலம்தான். எங்கே போவதென்று தீர்மானிக்க வேண்டியவர் பயணி.

கேள்வி: சரி, கிண்ணியாவில் இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: கேள்வியை எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இலங்கைப் பிரஜைகள் எல்லோருக்கும் உரியது. கட்டணப் பெக்கேஜ்களை எந்த விதிப்படி அனுமதிக்கிறீர்கள் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்டால் கடிதம். ஊரே கேட்டால் இயக்கம். இன்றைக்கே எழுதுங்கள்.