வரி கசக்கும், விருந்து இனிக்கும்

கலிபோர்னியா வாக்காளப் பெருமக்கள், 1978-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதின்மூன்றாவது பிரேரணையை நிறைவேற்றிச் சொத்து வரியை நூற்றுக்கு ஒன்று என்ற வரம்புக்குள் அடக்கிவிட்டு, அதன் பயனாக ஊர்ப் பள்ளிகளின் வருவாய் சுருங்கக் கண்டதும் மனம் இளகி, தர்ம ஸ்தாபனங்களை நிறுவி, அக்கிராசனரும் பொக்கிஷதாரரும் நிர்வாக சபையும் ஏற்படுத்தி, விருந்தும் ஏலமும் நடத்தி நிதி திரட்டலாயினர். வரியாகக் கட்டினால் கசக்கும் டாலர் நன்கொடையானதும் தித்திக்கிறது. கரகோஷத்துடன் வருமான வரியில் கழிவும் உண்டல்லவா? படிப்பின் தரம் ஊரின் செல்வத்தைப் பொறுத்திருக்கலாகாது என்று அம்மாகாண உச்ச நீதிமன்றம் 1971-இல் செர்ரானோ வழக்கில் விதித்திருந்தும், தனவந்தர் ஊரில் ஸ்தாபனம் செழிக்கிறது. தொழிலாளர் ஊரிலோ ஏலம் விடப் பொருளுமில்லை, கேட்க ஆளுமில்லை. தானத்துக்கு ஊர் எல்லை இருக்கலாம்; நியாயத்துக்கு இருக்கலாகாது.