கச்சேரித் தேநீர் மேசையில் இரண்டாம் மொழி: ஒரு பூர்வாங்க ஆய்வு

இலங்கையின் கச்சேரிகளில், குறிப்பாக வவுனியா, திருகோணமலை, அம்பாறைப் பக்கங்களில், காலைத் தேநீர் வேளையில் கூடும் மொழிப் பயிற்சிக் குழுவின் தோற்றத்தைச் சிலர் பிளேன்டீயில் தேடுகிறார்கள். பிழை. அதன் மூலம் அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை 07/2007. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்வோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்றது அது. தமிழும் அரசகரும மொழியானது 1987இல், பதின்மூன்றாம் திருத்தத்தில். இடையில் கழிந்த இருபது ஆண்டுகள் தேநீர் இடைவேளைக் கணக்கில் சேருமா என்பது தனி ஆய்வுக்குரியது.

இக்குழுவுக்குத் தலைவர் இல்லை, கூட்டக் குறிப்பு இல்லை, வரவுப் பதிவேடும் இல்லை. (அரச அலுவலகத்தில் ஒரு காரியம் ஒழுங்காக நடப்பதற்கு இதுவே காரணமாகலாம்.)

முதலில் சிங்கள உத்தியோகத்தர் படும் பாடு. அவருடைய பேச்சுமொழியில் நான் போனாலும் நீ போனாலும் ஊரே திரண்டு போனாலும் வினை ஒன்றுதான்: யனவா. தமிழிலோ போறன், போறீங்கள், போறார், போயினம் என்று ஆளுக்கொரு வால். ஆகவே அவர் துணிந்து ஒரு வாலைப் பிடித்துக்கொண்டு, "நான் நாளைக்கு லீவில போறார்" என்கிறார். இதைப் பிழையென்று திருத்துவது அவசரம். தனக்குத் தானே மரியாதை கொடுப்பது பதவிநிலை உத்தியோகத்தரின் இயல்பு என்பதே இவ்வாய்வாளர் கருத்து.

தமிழ் உத்தியோகத்தரின் வழி வேறு. ஆங்கிலச் சொல்லோடு 'எக' சேர்த்தால் சிங்களம் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார்: பைல் எக, போர்ம் எக, மீட்டிங் எக. இந்தச் சூத்திரத்தால் நிருவாகச் சிங்களத்தின் பெரும்பகுதி ஒரே காலையில் கைவசமாகிறது. மிச்சத்தை 'ஹரி, ஹரி' பார்த்துக்கொள்ளும். எதிரில் இருப்பவர் 'சரி, சரி' என்கிறார். ஓரெழுத்து வித்தியாசத்தில் இருவரும் மற்றவர் மொழியில் உரையாடிய திருப்தியோடு எழுகிறார்கள்.

குழுவை ஆட்டிப்படைப்பது இரக்க விதி. ஒருவர் திக்கியவுடன் மற்றவர் மனம் பொறுக்காமல் திக்குபவரின் மொழிக்கே தாவிவிடுவார். ஆதலால் பயிற்சி முடியும்போது தமிழ் படிக்க வந்தவர் நல்ல சிங்களமும், சிங்களம் படிக்க வந்தவர் நல்ல தமிழும் பேசியிருப்பார்கள்.

களச் சோதனைக்கு ஓர் அம்மா காணி அனுமதிப்பத்திரத்தோடு யன்னலுக்கு வருகிறார். எல்லைக் கல், ஒத்தி, தகப்பன் பெயரிலுள்ள பிழை என்று அவர் சொல்லும் எதற்கும் 'எக' ஒட்டாது. குழு ஒருவரை ஒருவர் முன்னே தள்ளுகிறது. கடைசியில் கே.கே.எஸ்.ஸைக் கூப்பிடுகிறார்கள் (காங்கேசன்துறையை அல்ல, அலுவலக உதவியாளரை). அவர் இரு பக்கத்துக்கும் பேசி அலுவலை முடித்துவிடுகிறார். அவர் 2007க்கு முன்னரே சேர்ந்தவர், சுற்றறிக்கை அவரைக் கட்டாது.

"அண்ணை, நாளைக்கு எங்கட குழுவுக்கு வாங்கோவன்."

தேத்தண்ணி போட வேறு ஆள் பிடியுங்கோ, வாறன் என்றார், இரண்டு மொழியிலும்.